ஏ, பி, சி: கப்பல் சரக்குக் காப்பீட்டில் எந்த ஷரத்தை எடுப்பது?

கன்டெய்னர் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். நனைந்து ஊறிய அட்டையின் புளித்த வாடை. மேல் வரிசைப் பெட்டிகள் தொய்ந்துபோய்க் கீழ் வரிசைமேல் படுத்துக் கிடந்தன. சேதத்தைப் பார்க்க வந்த சர்வேயர் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, நனைந்த அட்டையின் மேல் இரண்டு சொட்டு விட்டார். சில்வர் நைட்ரேட். சொட்டு பால் மாதிரி வெள்ளையாகத் திரிந்தால் ஈரத்தில் உப்பு இருக்கிறது, கடல் தண்ணீர் என்று அர்த்தம். தெளிவாகவே நின்றால் நல்ல தண்ணீர்: மழை, அல்லது கன்டெய்னருக்குள்ளேயே வியர்த்துச் சொட்டியது.

நாங்கள் நாலு பேரும் குனிந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பல் சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று ஷரத்துகள் உண்டு; ஏ-யில் காப்பு அதிகம், சி-யில் குறைவு. எங்கள் கையில் இருந்தது பி ஷரத்துப் பாலிசி. பி-யில் கடல் தண்ணீர் புகுந்ததற்குப் பணம் உண்டு, மழைத் தண்ணீருக்குக் கிடையாது. ஏ-வாக இருந்திருந்தால் எங்களுக்கு அந்தக் குப்பியைப் பற்றி அவ்வளவு கவலை இருந்திருக்காது. சி-யாக இருந்திருந்தால் குப்பியைத் திறந்தே இருக்க வேண்டாம். கப்பல் மூழ்கவில்லை, தரைதட்டவில்லை, தீப்பிடிக்கவில்லை. பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

காப்பீடு எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஏ-க்கும் சி-க்கும் பிரீமியம் எவ்வளவு வித்தியாசம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் இரண்டு கேள்வி இருக்கிறது. என் சரக்கு எந்தெந்த வழியில் கெடும்? கெட்டால், எப்படிக் கெட்டது என்று நிரூபிக்கும் பாடு யாருடையது? இரண்டாவது கேள்வியைக் கிட்டத்தட்ட யாருமே கேட்பதில்லை. பணம் பெரும்பாலும் கைநழுவுவது அங்கேதான்.

பெயர் வந்த கதை

உலகத்தின் பெரும்பாலான சரக்குப் பாலிசிகளுக்குப் பின்னால் இருப்பது லண்டன் சந்தை எழுதிய இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ். அதற்கு முன் இருந்தது, லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸ் 1779-ல் ஏற்றுக்கொண்ட எஸ்.ஜி. படிவம் என்ற பாலிசி மாதிரி. அதன் மொழி அப்போதே பழையது. 1906-ல் வந்த பிரிட்டிஷ் மரைன் இன்சூரன்ஸ் சட்டம் அதை அப்படியே இணைப்பாகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் படிவத்தின் மேல் ஒட்டும் தாள்களாக எஃப்.பி.ஏ. (பகுதிச் சேதத்துக்குப் பெரும்பாலும் காப்பில்லை), டபிள்யூ.ஏ. (பகுதிச் சேதத்துக்கும் காப்பு), ஆல் ரிஸ்க்ஸ் (எல்லா ஆபத்தும்) என்ற மூன்று அடுக்குகள் புழங்கின. வளரும் நாடுகளின் வணிகர்களுக்கு இது புரியவே இல்லை என்று ஐ.நா.வின் வணிக வளர்ச்சி மாநாடு 1970-களில் குறை சொன்னது. பிறகு 1982 ஜனவரி 1-ல் எஸ்.ஜி. படிவம் ஓய்வுபெற்று ஏ, பி, சி வந்தன. 2009 ஜனவரி 1-ல் அவற்றைத் திருத்தி எழுதினார்கள்.

ஆல் ரிஸ்க்ஸ் என்ற பெயர் தலைப்பிலிருந்து போய்விட்டாலும் வாயிலிருந்து போகவில்லை. இன்றைக்கும் புரோக்கர் ஏ-யை "ஆல் ரிஸ்க்" என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையை நம்பித் தூங்கப் போனவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன். இன்னொன்று, பாலிசியில் ஷரத்தின் பெயருக்குப் பக்கத்தில் 1.1.82 என்று இருக்கிறதா 1.1.09 என்று இருக்கிறதா பாருங்கள். பழைய மாதிரித் தாளையே அச்சடித்துக் கொடுப்பது நடக்கிறது. 2009 வாசகம் காப்பீடு எடுக்கிறவருக்குச் சில இடங்களில் நல்லது.

சி: கப்பலுக்கு ஏதாவது ஆனால்

சி-யைப் புரிந்துகொள்ள ஒரு சுருக்கு வழி உண்டு. கப்பலுக்கோ லாரிக்கோ பெரிதாக ஏதாவது ஆனால்தான் சி பேசும். தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டுதல், மூழ்குதல், கவிழ்தல், லாரி கவிழ்தல், ரயில் தடம்புரளுதல், தண்ணீர் தவிர வேறு எதன்மேலாவது மோதுதல், ஆபத்தில் ஒதுங்கிய துறைமுகத்தில் சரக்கை இறக்குதல், கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் வீசுதல். இவ்வளவுதான் பட்டியல். கப்பல் பத்திரமாக வந்து உங்கள் பெட்டி மட்டும் நசுங்கியிருந்தால் சி-யில் ஒன்றுமில்லை. புயலில் கப்பல் ஆடி, கன்டெய்னருக்குள் அடுக்கு சரிந்தால் இல்லை. திருட்டு இல்லை. மழை இல்லை. கிரேன் கொக்கியிலிருந்து விழுந்தால் இல்லை.

அப்புறம், அலை அடித்துக்கொண்டு போனாலும் இல்லை. இது பலருக்கு அதிர்ச்சி. 2020 நவம்பர் 30 அன்று ஒன் ஏபஸ் என்ற கப்பல் பசிபிக்கில் மோசமான கடலில் மாட்டி 1,816 கன்டெய்னர்களை இழந்தது. கப்பல் மூழ்கவில்லை, மோதவில்லை. அலை அடித்துக்கொண்டு போவது பி-யின் பட்டியலில்தான் இருக்கிறது. சி எடுத்தவர்களுக்கு அப்படிப்பட்ட இழப்பில் கை நீட்ட இடமே இல்லை.

அப்படியானால் சி எதற்கு? ஜெனரல் ஆவரேஜ் ஒன்றுக்காகவே அது உயிரோடு இருக்கலாம் என்பது என் கணக்கு. பெயரைப் பார்த்து ஏதோ சராசரி என்று நினைக்க வேண்டாம். நடுக்கடலில் எல்லோருடைய நன்மைக்காகவும் ஒரு செலவோ தியாகமோ செய்தால், கப்பல் உரிமையாளரும் அத்தனை சரக்குக்காரர்களும் அவரவர் மதிப்புக்கு ஏற்ப அதைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்பது பழைய கடல் நியாயம். இன்றைக்கு யார்க் ஆன்ட்வெர்ப் விதிகள்படி கணக்குப் போடுகிறார்கள். உங்கள் சரக்கில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனாலும் பங்கு கட்டாமல் அதை விடமாட்டார்கள். 2018 மார்ச்சில் அரபிக்கடலில் மெர்ஸ்க் ஹோனாம் கப்பலில் தீப்பிடித்தபோது, மீட்புக்கூலிக்கும் ஜெனரல் ஆவரேஜுக்கும் சேர்த்துக் கேட்கப்பட்ட பிணை சரக்கு மதிப்பின் 54 சதவீதம். 100 ரூபாய்ச் சரக்கைக் கையில் வாங்க 54 ரூபாய் பிணை. காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் ஒரு உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும். இல்லாதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் ஆறு நாள் குறுக்கே நின்றதே, அதிலும் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்.

ஏ, பி, சி மூன்றிலுமே இந்தப் பங்குக்குக் காப்பு உண்டு. ஆக, எதுவும் எடுக்காமல் இருப்பதற்கும் சி எடுப்பதற்கும் உள்ள தூரம், சி-க்கும் ஏ-க்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது என்றே நான் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம். சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் காப்பீடு எடுத்தால், ஜெனரல் ஆவரேஜ் பங்கிலும் அதே விகிதத்தில்தான் பணம் வரும்.

பழைய இரும்பு, நிலக்கரி, கருங்கல், மரத்தடி மாதிரி எளிதில் திருட முடியாத, நனைந்தாலும் பெரிதாகக் கெடாத சரக்குக்கு சி போதும். அதற்கு ஏ எடுப்பது குடிசைக்கு இரும்புக் கதவு போடுவது மாதிரி.

பி: நடுவில் நிற்பது

பி என்பது சி-யின் பட்டியலோடு இன்னும் நாலைந்து. நிலநடுக்கம், எரிமலை, மின்னல். அலை அடித்துக்கொண்டு போவது. கடல், ஏரி, ஆற்றுத் தண்ணீர் கப்பலுக்குள்ளோ கன்டெய்னருக்குள்ளோ கிடங்குக்குள்ளோ புகுவது. ஏற்றும்போதோ இறக்கும்போதோ ஒரு முழுப் பொதி கீழே விழுந்து முழுவதுமாக நாசமாவது.

கடைசியில் சொன்னதை மறுபடி படியுங்கள். முழுப் பொதி, முழு நாசம். பெட்டி விழுந்து உள்ளே இருந்த பன்னிரண்டு பம்புகளில் ஒன்பது உடைந்து மூன்று பிழைத்தால், அது முழு நாசமா என்று வாதம் ஆரம்பமாகும். விழுந்த இடமும் பார்க்கப்படும். கப்பலில் ஏற்றும்போது, இறக்கும்போது என்றுதான் வாசகம். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் கவிழ்த்தால் அது வேறு கதை.

எனக்கு பி மேல் பெரிய மதிப்பு இல்லை. கடல் தண்ணீரும் அலையும்தான் உண்மையான ஆபத்து, திருட்டும் நசுங்கலும் பொருட்டில்லை என்கிற சரக்குக்கு அது சரியாகப் பொருந்தும். டெக்கின் மேல் கட்டிப் போகும் சரக்குக்கு ஏ தர மறுக்கும் அண்டர்ரைட்டர் (காப்பீட்டு நிறுவனத்தில் ஆபத்தை எடைபோட்டு ஏற்கிறவர்) பி-க்கு இறங்கி வருவதும் உண்டு. மற்றபடி பி எடுக்கிறவர்களில் பலர், ஏ விலை அதிகம், சி பயமாக இருக்கிறது, சரி நடுவில் இருப்பதை எடுப்போம் என்று எடுத்தவர்கள். நடுவில் இருப்பது பத்திரம் என்ற எண்ணம் சட்டை வாங்கும்போது சரி.

பி, சி இரண்டுக்கும் பொதுவான ஒரு பள்ளம் இருக்கிறது. யாராவது வேண்டுமென்றே செய்த சேதம் இரண்டிலும் விலக்கு. தீ பட்டியலில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம். அந்தத் தீயை ஒருவன் வைத்தான் என்று தெரிந்தால் விலக்கு வந்து நிற்கும். இதற்கென்று மெலிஷியஸ் டேமேஜ் கிளாஸ் என்று தனியாக ஒட்டும் ஷரத்து இருக்கிறது. அதே மாதிரி திருட்டு, சில்லறைக் களவு, சரக்கே வந்து சேராமை ஆகிய மூன்றுக்கும் டி.பி.என்.டி. என்று ஒரு ஷரத்தை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். சி-யோடு இந்த இரண்டையும் ஒட்டினால், பல சரக்குகளுக்கு அது வெறும் பி-யைவிடப் பிரயோஜனமானது. புரோக்கர் தானாகச் சொல்லமாட்டார், கேட்க வேண்டும். கடற்கொள்ளையும் பி, சி பட்டியலில் இல்லை. ஏ-யில் போர் விலக்கிலிருந்து கடற்கொள்ளையை மட்டும் தனியாக விடுவித்திருக்கிறார்கள், அதனால் அங்கே காப்பு உண்டு.

ஏ: பட்டியல் இல்லாததே அதன் பலம்

ஏ-யில் ஆபத்துகளின் பட்டியல் கிடையாது. விலக்கியவை தவிர எல்லாம் என்று ஒரே வரி. இதனால் காப்பின் பரப்பு கூடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது: நிரூபிக்கும் சுமை தோள் மாறுகிறது.

பி, சி-யில், பட்டியலில் உள்ள இன்ன காரணத்தால் இழப்பு வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். தீ, மோதல் போன்ற சிலவற்றுக்கு, இழப்பு அந்தக் காரணத்தோடு நியாயமாகத் தொடர்புடையது என்று காட்டினால் போதும் என்று வாசகம் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஆனாலும் காட்டுவது உங்கள் வேலை. ஏ-யில், சரக்கு நல்லபடியாகக் கிளம்பியது, கெட்டுப்போய் வந்தது, வழியில் தற்செயலாக ஏதோ நடந்திருக்கிறது என்ற அளவுக்குக் காட்டினால் போதும். எந்த இடத்தில் எந்த நிமிடத்தில் என்று துல்லியமாகச் சொல்ல வேண்டியதில்லை. விலக்கு பொருந்தும் என்றால் அதைக் காப்பீட்டு நிறுவனம் நிரூபிக்கட்டும். இது 1921-லேயே கான்ட் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொன்னது. தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து போன கம்பளி நனைந்துபோன வழக்கு அது.

பூட்டிச் சீல் வைத்த கன்டெய்னர் முப்பது நாள் கழித்துத் திறக்கப்படுகிறது. நாலு துறைமுகம், இரண்டு கப்பல், மூன்று லாரி மாறியிருக்கிறது. உள்ளே இருந்த இயந்திரத்தின் கால் உடைந்திருக்கிறது. எங்கே உடைந்தது என்று யாருக்குத் தெரியும்? பட்டியல் வைத்த பாலிசியோடு இந்தக் கேள்விக்கு முன்னால் நின்றால் கை வெறுங்கைதான். கன்டெய்னரில் போகும் தயாரிப்புப் பொருள்களுக்கு நான் ஏ-யைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, இப்போது தூங்கப் போனவர்களைப் பற்றி. ஏ-யின் நான்காவது ஷரத்துதான் விலக்குகளின் வீடு, பாலிசியில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அது. வேண்டுமென்றே செய்த குற்றம், இயல்பான கசிவு, இயல்பான எடைக் குறைவு, தேய்மானம் எல்லாம் இருக்கட்டும். மூன்று விலக்குகள்தான் திரும்பத் திரும்பக் கழுத்தைப் பிடிக்கும்.

முதலாவது பேக்கிங். பயணத்தின் சாதாரண ஆட்டத்தைத் தாங்காத அளவுக்குப் பேக்கிங் மோசமென்றால் பணம் இல்லை. பேக்கிங் என்பதில் கன்டெய்னருக்குள் அடுக்குவதும் சேர்த்தி. 2009 திருத்தத்தில் இதற்கு எல்லை கட்டினார்கள்: பேக்கிங் செய்தது நீங்களோ உங்கள் ஆட்களோ என்றால், அல்லது காப்பீடு தொடங்குவதற்கு முன்பே செய்யப்பட்டிருந்தால்தான் இந்த விலக்கு. வெளி ஒப்பந்தக்காரர் உங்கள் ஆளாகக் கருதப்படமாட்டார். நடைமுறையில் கன்டெய்னரைப் பெரும்பாலும் விற்கிறவர் கிடங்கில்தான் அடுக்குகிறார்கள். ஆகவே விலக்கு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். அடுக்கும்போது எடுத்த படங்கள், கட்டைகள் அடித்த விதம், கட்டிய பெல்ட்டுகள் தெரியும் படங்கள், பின்னால் ஒரு வக்கீல் செய்வதைவிட அதிகம் செய்யும்.

இரண்டாவது, சரக்கின் உள்ளேயே இருக்கும் குணம். கல்கத்தாவிலிருந்து ராட்டர்டாமுக்குப் போன தோல் கையுறைகளின் வழக்கு இதற்குப் பாடம். நோட்டன் எதிர் ஹார்டிங், 1990. கையுறைகளிலேயே ஈரம் இருந்தது. கன்டெய்னர் குளிர் நாட்டுக்குப் போனதும் அந்த ஈரம் ஆவியாகி மேல்தகட்டில் படிந்து, சொட்டுச் சொட்டாகத் திரும்பக் கையுறைகளின் மேலேயே விழுந்தது. பூஞ்சை பிடித்தது. தண்ணீர் மேலிருந்து விழுந்தது உண்மை, ஆனால் அது சரக்கிலிருந்தே கிளம்பிய தண்ணீர், எனவே உட்குணம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோல், தானியம், காப்பி, முந்திரி, மரம் என்று ஈரம் சுமக்கும் எதை அனுப்புகிறவரும் இந்தக் கையுறையை மறக்கக் கூடாது. ஏற்றும்போது ஈரப்பதம் அளந்து சான்றிதழ் வாங்கி வையுங்கள். வியர்வை, சூடு, தானாகப் பற்றிக்கொள்வது ஆகியவற்றைச் சேர்த்து எழுதும் தனி ஷரத்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். 1983-ல் சோயா அவரை வழக்கில், அப்படி எழுதி வாங்கிய பாலிசி உட்குணத்தால் வந்த சூட்டுக்கும் பொறுப்பு என்றே தீர்ப்பானது.

ஆனால் இந்த விலக்கு எல்லையில்லாமல் நீளாது. 2005-ல் டெக்சாஸின் கால்வெஸ்டனிலிருந்து மலேசியாவுக்கு ஒரு எண்ணெய்த் துரப்பண மேடையைப் பார்ஜ் என்ற தட்டைப் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வழியில் அலையின் ஆட்டத்தில் அதன் மூன்று கால்களும் உடைந்து கடலில் விழுந்தன. காலின் பலவீனம், அதாவது உட்குணம் என்றது காப்பீட்டுத் தரப்பு. கடல் எதிர்பார்த்த அளவில்தானே இருந்தது என்பது அவர்கள் வாதம். 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெளியிலிருந்து அலை வந்து அடித்தது, அது கடல் ஆபத்துதான் என்று தீர்ப்பு வந்தது. பாலிசி ஏ ஷரத்தில் இருந்தது.

மூன்றாவது தாமதம். தாமதத்துக்குக் காரணம் காப்பில் உள்ள ஆபத்தாகவே இருந்தாலும், தாமதத்தால் வந்த நஷ்டத்துக்குப் பணம் இல்லை. எவர் கிவனில் மாட்டிய சரக்குக்காரருக்கு ஜெனரல் ஆவரேஜ் பங்குக்குக் காப்பு இருந்தது. பருவம் தவறி வந்த துணி விலைபோகாமல் கிடந்ததற்கு ஏ-யிலும் காப்பு இல்லை.

கப்பல் நிறுவனம் திவாலாவதைப் பற்றியும் ஒரு விலக்கு இருக்கிறது. 2016 ஆகஸ்ட் கடைசியில் ஹன்ஜின் ஷிப்பிங் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனபோது கன்டெய்னர்கள் நடுக்கடலில் நின்றன. 2009 வாசகப்படி, சரக்கை ஏற்றும்போது அந்த நிறுவனத்தின் நிலை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தால்தான் விலக்கு. 1982 வாசகத்தில் இந்தச் சலுகை இல்லை. தேதியைப் பாருங்கள் என்று சொன்னது இதற்கும்தான்.

மூன்றிலும் ஒன்றாக இருப்பவை

போரும் வேலைநிறுத்தமும் ஏ-யிலும் விலக்குதான். இரண்டுக்கும் தனித் தனி ஷரத்து வாங்க வேண்டும். பயங்கரவாதம் வேலைநிறுத்த ஷரத்தோடு வரும். போர் ஷரத்து அடிப்படையில் சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான். கரையில் இறங்கிய சரக்குமேல் குண்டு விழுந்தால் அது கேட்காது. இவற்றைக் காப்பீட்டு நிறுவனம் குறுகிய நோட்டீஸில் ரத்து செய்யலாம், வழக்கமாக 7 நாள்.

காப்பு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதும் மூன்றிலும் ஒன்றே. 2009-க்குப் பிறகு, வண்டியில் ஏற்றுவதற்காகக் கிடங்குக்குள் சரக்கை முதலில் அசைத்த நொடியிலிருந்து தொடக்கம். முடிவு, கடைசிக் கிடங்கில் வண்டியிலிருந்து இறக்கி முடித்ததும். அல்லது கடைசித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கி 60 நாள். எது முந்துகிறதோ அது. இதில் பலர் விழும் குழி, கன்டெய்னரையே கிடங்காக வைத்துக்கொள்வது. "இடம் இல்லை, அப்படியே இருக்கட்டும்" என்று நீங்கள் முடிவு செய்த நேரத்தில் காப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்துப் பூட்டை உடைத்தால், ஏ வைத்திருந்தும் ஒன்றுதான் சி வைத்திருந்தும் ஒன்றுதான்.

குளிர்பதனச் சரக்குக்கு ஏ, பி, சி என்று யோசிப்பதே தப்பு. உறைந்த உணவுக்கு இன்ஸ்டிடியூட் ஃப்ரோசன் ஃபுட் கிளாசஸ் தனியாக இருக்கிறது. அதன் ஏ வடிவத்தில்கூட, வெப்பநிலை மாறியதால் வந்த சேதத்துக்குப் பணம் வேண்டுமென்றால், குளிர்பதன இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீ, தரைதட்டல் மாதிரி ஏதாவது நடந்திருக்க வேண்டும். யாரோ மைனஸ் 18-க்குப் பதில் பிளஸ் 18 என்று வைத்துவிட்டால்? இயந்திரம் நிற்கவே இல்லையே, அது சொன்ன வேலையைச் சரியாகத்தானே செய்தது. இறால் போயிற்று, கிளெய்மும் போயிற்று. இதைத் தளர்த்தி எழுதித் தரச் சொல்லிப் பேரம் பேசலாம், ஆனால் பாலிசி போடுவதற்கு முன்னால்.

தேர்ந்தெடுப்பது யார்?

பல நேரம் ஷரத்தைத் தேர்ந்தெடுப்பது சரக்கை இழக்கப்போகிறவர் இல்லை. சி.ஐ.எஃப். விலையில், அதாவது சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த விலையில், வாங்கினால் காப்பீடு எடுப்பது விற்கிறவர்; ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலேறியதிலிருந்து ஆபத்து உங்களுடையது. சர்வதேச வணிகச் சொற்களின் விதிப்புத்தகமான இன்கோடெர்ம்ஸ் 2020 படி சி.ஐ.எஃப்.-இல் விற்கிறவர் குறைந்தபட்சம் சி கொடுத்தால் போதும். சி.ஐ.பி. (சொன்ன இடம்வரை கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை) என்றால் குறைந்தபட்சம் ஏ கொடுக்க வேண்டும். 2010 பதிப்பில் இரண்டுக்குமே சி-தான் இருந்தது. ஒரே ஓர் எழுத்து, ஆனால் காப்பு தலைகீழ். இரண்டிலும் தொகை குறைந்தது ஒப்பந்த விலையின் 110 சதவீதம், ஒப்பந்தத்தின் நாணயத்திலேயே. கன்டெய்னர் சரக்குக்கு சி.ஐ.பி. பொருத்தம் என்று விதிப்புத்தகமே சொன்னாலும், பழக்கத்தில் எல்லோரும் சி.ஐ.எஃப். என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தரும் விலை), சி.எஃப்.ஆர். (அதோடு கப்பல் கூலியும் சேர்ந்தது) என்றால் வாங்குகிறவர் தானே எடுத்துக்கொள்ளலாம். நான் வாங்குகிறவராக இருந்தால் இதைத்தான் விரும்புவேன். ஷரத்தும் என் கையில், கிளெய்மும் என் ஊர் அலுவலகத்தில். ஆனால் எஃப்.ஓ.பி.-யில் விற்கிறவர் ஒன்றை மறந்துவிடுகிறார். தன் கிடங்கிலிருந்து கப்பல் ஏறும்வரை ஆபத்து அவருடையது. வாங்குகிறவரின் பாலிசி கிடங்கிலிருந்து கிடங்குவரை என்று சொன்னாலும், அது இவருக்குப் பணம் தராது. அந்தத் துண்டுப் பயணத்துக்கு விற்கிறவர் தனியாக எடுக்க வேண்டும்.

எல்.சி., அதாவது ஆவணங்களைப் பார்த்துப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், இருந்தால் இன்னொரு விஷயம். எல்.சி.-க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600 படி, எல்.சி.-யில் "ஆல் ரிஸ்க்ஸ்" என்று மட்டும் கேட்டால், அந்த வார்த்தை எங்காவது இருக்கும் ஆவணத்தை வங்கி ஏற்றுக்கொள்ளும். எத்தனை விலக்கு எழுதியிருந்தாலும் அதைப் பற்றிக் கவலைப்படாது. ஆகவே எல்.சி.-யில் ஷரத்தின் முழுப் பெயரும் தேதியும் கேளுங்கள்.

"ஷிப்பிங் லைன்தானே பொறுப்பு, காப்பீடு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. கடல்வழிச் சரக்குக்கான ஹேக்-விஸ்பி என்ற சர்வதேச விதிகளில் கப்பல்காரரின் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இதில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. மாலுமியின் ஓட்டும் தப்புக்கு அவர் பொறுப்பில்லை. தீக்கும், அவருடைய சொந்தத் தப்பு இருந்தால் ஒழிய, பொறுப்பில்லை. வெளியே தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்த 3 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், வழக்குப் போட ஒரு வருடம்தான். கப்பல்காரர் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் 500 அட்டைப்பெட்டி என்று எண்ணிக்கை போட்டிருந்தால் 500 பொதி. ஒரு கன்டெய்னர் என்று மட்டும் இருந்தால், மொத்தமும் ஒரே பொதி என்று அவர் வாதாடுவார். இது காப்பீட்டுக்கு மாற்று ஆகாது. ஆனால் காப்பீடு இருந்தாலும் அந்த 3 நாள் நோட்டீஸை விடக் கூடாது. கப்பல்காரர்மேல் உள்ள உரிமையைக் காத்து வைப்பதும் பாலிசியில் உங்கள் கடமையாகவே எழுதியிருக்கிறது.

பழைய இயந்திரத்துக்கு ஏ கேட்டால், துரு, நிறம் மாறுதல் போன்றவற்றை விலக்கித்தான் பெரும்பாலும் தருவார்கள். உடைந்த பாகத்துக்கு மட்டும் விலை என்று ரீபிளேஸ்மென்ட் கிளாஸையும் ஒட்டுவார்கள். அது நியாயம்தான், சண்டை போட வேண்டாம். ஆனால் புது இயந்திரத்துக்கும் அதே துரு விலக்கை ஒட்டினால் கேள்வி கேளுங்கள்.

மறுபடி அந்தக் கன்டெய்னர். சொட்டு வெள்ளையாகவில்லை. சர்வேயர் பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேரை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. மேல் மூலையில் குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம். கூரைத் தகட்டில் ஓட்டை, மழை. சரக்கை ஏற்றுவதற்கு முன் யாராவது இதே மாதிரி உள்ளே நின்று கதவைச் சாத்தியிருந்தால் அந்த வெளிச்சம் அன்றைக்கே தெரிந்திருக்கும். பி பாலிசியில் பணம் வரவில்லை. விற்றவர்மேல் குறை சொல்லவும் வழியில்லை. சி கொடுத்தாலே போதும் என்ற இடத்தில் அவர் பி எடுத்துக் கொடுத்திருந்தார். ஒப்பந்தத்தில் "மரைன் இன்சூரன்ஸ் விற்பவர் பொறுப்பு" என்று மட்டும்தான் இருந்தது. அடுத்த ஆர்டரில் அந்த வரி மாறியது: "இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் ஏ, 1.1.09, போர், வேலைநிறுத்த ஷரத்துகளுடன், இன்வாய்ஸ் மதிப்பின் 110 சதவீதத்துக்கு, வாங்குபவர் கிடங்குவரை. ஏற்றுமுன் கன்டெய்னரை உள்ளிருந்து வெளிச்சம் பார்த்த படம் இணைக்க வேண்டும்." விற்றவர் பிரீமியம் வித்தியாசத்தை இன்வாய்ஸில் தனி வரியாகப் போட்டு அனுப்பினார். யாரும் ஒரு வார்த்தை பேசாமல் கட்டினோம்.